டிமென்ஷியாவை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வகப் பரிசோதனைகள்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

புதுடெல்லி: வீட்டிலுள்ள முதியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பல ஆண்டுகள் பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கிறார். இது வயதின் இயல்பா, நோயின் தொடக்கமா என்ற ஐயம் குடும்பத்தாருக்கு எழுகிறது. அண்மைக்காலம் வரை மருத்துவர்கள் இதற்கு விடை காண நோயாளியிடமும் உறவினரிடமும் பேசினர்; நினைவாற்றல் தேர்வுகளை நடத்தினர்; மூளையை ஸ்கேன் செய்து பார்த்தனர். மூளைக்குள் நிகழும் வேதியியல் மாற்றத்தை இறப்புக்குப் பின் நடைபெறும் உடற்கூறாய்வே உறுதி செய்தது.

அந்த நிலை இப்போது மாறி வருகிறது. தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் உள்ள சில புரதங்களை அளந்து, அல்சைமர் நோயின் அடையாளங்களை உயிருடன் இருப்பவரிடமே கண்டறிய முடிகிறது. இப்புரதங்களை மருத்துவ உலகம் ‘உயிர்க்குறிப்பான்கள்’ என்று அழைக்கிறது. இவை எவ்வாறு செயல்படுகின்றன, யாருக்குப் பயன்படும், எந்த இடத்தில் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

இந்தியாவில் 88 லட்சம் பேர்

உலக சுகாதார அமைப்பின் கணக்கின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் 5.7 கோடி பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகப் பாதிக்கப்படுகின்றனர். இவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு. நரம்பியல் நிபுணர்களும் நவீன ஆய்வகங்களும் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நாட்டில், பாதிப்பின் பெரும்பகுதி கிராமங்களில் இருப்பது, எளிமையான பரிசோதனையின் தேவையை உணர்த்துகிறது.

டிமென்ஷியா என்பது தனியொரு நோயன்று. நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவை அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் குறைந்துபோகும் நிலையின் பொதுப்பெயர் அது. இதற்குக் காரணமான நோய்களில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமரின் பங்கு. ரத்தக்குழாய் பாதிப்பால் வருவது, லூயி உடல் டிமென்ஷியா, மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் வகை ஆகியவை பிற முக்கிய வகைகள். ஒருவருக்கே இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு.

முதலில் செய்ய வேண்டிய எளிய சோதனைகள்

ஆய்வகப் பரிசோதனை என்றதும் புதிய, விலையுயர்ந்த சோதனைகளையே பலரும் நினைக்கின்றனர். ஆனால் மறதி உள்ள ஒருவருக்கு முதலில் தேவைப்படுபவை சாதாரண ரத்தப் பரிசோதனைகள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் சோடியம் அல்லது கால்சியம் அளவு மாறுதல், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகள், சிபிலிஸ், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை டிமென்ஷியாவைப் போன்ற அறிகுறிகளை ஏற்படுத்தக்கூடும். மனச்சோர்வும், சில மருந்துகளின் பக்கவிளைவும் மறதியாக வெளிப்படுவதுண்டு.

இவற்றுள் பல சிகிச்சையால் சீராகக் கூடியவை. இந்தியச் சூழலில் பி12 சோதனைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இந்த வைட்டமின் இயற்கையாக விலங்குவழி உணவுகளில் மட்டுமே போதிய அளவில் கிடைப்பதால், சைவ உணவு உண்போரிடம் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு அதிகம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களுக்கும் பி12 அளவு குறையலாம்.

ரத்தப் பரிசோதனையுடன் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கப்படுகிறது. தலையில் அடிபட்ட பின் மூளை உறைக்கு அடியில் தேங்கிய ரத்தம், மூளைக்குள் நீர் தேங்குதல், கட்டி போன்றவை இதில் தெரியவரும். இச்சோதனைகளைத் தவிர்த்துவிட்டு நேரடியாக அல்சைமர் சோதனைக்குச் செல்வது, குணப்படுத்தக்கூடிய காரணத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் முடியலாம்.

இரண்டு புரதங்களின் கதை

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் கடும் மறதியுடனும் குழப்பத்துடனும் அழைத்துவரப்பட்டார். 1906-இல் அவர் இறந்த பின், மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவரது மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக் கிடந்த இழைகளையும் அவர் கண்டார். 1910-இல் எமில் கிரேப்ளின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

திட்டுகளில் இருப்பது அமைலாய்டு பீட்டா என்ற புரதம் என்பதும், முறுக்கிய இழைகளில் இருப்பது டாவ் என்ற புரதம் என்பதும் 1980-களில் தெளிவாயின. இன்றைய அல்சைமர் உயிர்க்குறிப்பான்களில் முதன்மையானவை இவ்விரு புரதங்களையே அளக்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் நுண்ணோக்கியில் கண்டதை இப்போது ஒரு துளி திரவத்தில் தேடுகிறார்கள் என்று இதைச் சுருக்கமாகக் கூறலாம்.

தண்டுவட நீரும் பெட் ஸ்கேனும்

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம், மூளையின் வேதியியல் நிலையை நெருக்கமாகப் பிரதிபலிக்கிறது. இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி இத்திரவம் எடுக்கப்படுகிறது. அல்சைமர் நோயாளிகளின் தண்டுவட நீரில் அமைலாய்டு பீட்டா 42 என்ற வகையின் அளவு குறைந்திருக்கும். புரதம் மூளையிலேயே திட்டுகளாகப் படிந்துவிடுவதால் திரவத்துக்கு வந்துசேரும் அளவு குறைகிறது. அதே வேளையில், மொத்த டாவ் அளவும், பாஸ்பேட் இணைந்த டாவ் அளவும் உயர்ந்திருக்கும்.

அமைலாய்டு உற்பத்தி ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், அமைலாய்டு பீட்டா 42-க்கும் 40-க்கும் இடையிலான விகிதமே தனி அளவைவிட நம்பகமானதாகக் கருதப்படுகிறது. இவ்விகிதத்தைத் தண்டுவட நீரில் அளக்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 மே மாதத்தில் அனுமதி அளித்தது.

மற்றொரு வழி பெட் ஸ்கேன். அமைலாய்டுடன் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு உடலில் செலுத்தி, மூளையில் திட்டுகள் படிந்துள்ள இடங்கள் படமாக்கப்படுகின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிட்ஸ்பர்க் சேர்மம்-பி’ கொண்டு மனிதர்களிடம் எடுக்கப்பட்ட முதல் படங்கள் 2004-இல் வெளியாயின.

இரண்டு முறைகளும் நம்பகமானவையே. எனினும் தண்டுவடத்தில் ஊசி என்றாலே நோயாளிகள் அஞ்சுகின்றனர். பெட் ஸ்கேனுக்கு அதிகச் செலவாகும். தனி வசதிகள் கொண்ட பெரிய மையங்களில் மட்டுமே அது சாத்தியம். இதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கான தேடல் தீவிரமடைந்தது.

ரத்தத்தில் புதிய அடையாளம்

மூளையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இப்புரதங்களின் அளவு மிக மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம் மட்டுமே இருக்கலாம். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூலக்கூறாகக் கண்டறியும் நுண்ணிய தொழில்நுட்பங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்த பின்னரே இதை அளக்க முடிந்தது.

தற்போது அதிகக் கவனம் பெற்றிருப்பது பி-டாவ் 217. டாவ் புரதச் சங்கிலியின் 217-ஆவது இடத்தில் பாஸ்பேட் இணைந்திருக்கும் வடிவம் இது. மூளையில் அமைலாய்டு படியும்போது ரத்தத்தில் இதன் அளவு உயர்கிறது.

பி-டாவ் 217-க்கும் அமைலாய்டு பீட்டா 42-க்கும் இடையிலான விகிதத்தை ரத்தத்தில் அளக்கும் ‘லூமிபல்ஸ்’ சோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் அனுமதி வழங்கியது. அல்சைமரைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு அந்த அமைப்பு அளித்த முதல் அனுமதி இதுவே. 499 பேரின் மாதிரிகளில் நடந்த ஆய்வில், ‘உண்டு’ என்று காட்டியவர்களில் 91.7 சதவீதத்தினருக்குப் பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர்ச் சோதனையிலும் அமைலாய்டு உறுதியானது. ‘இல்லை’ என்று காட்டியவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு அவற்றிலும் இல்லை என்றே தெரிந்தது. இருபது சதவீதத்துக்கும் குறைவானோருக்கு முடிவு இரண்டுங்கெட்டானாக அமைந்தது. அவர்களுக்கு மேற்சோதனை தேவை.

இந்த அனுமதியின் எல்லை கவனிக்கத்தக்கது. 55 வயதைக் கடந்த, மறதி அறிகுறிகள் உள்ளவர்களுக்கு, நிபுணரின் பரிசோதனையுடன் சேர்த்தே இதைப் பயன்படுத்த வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கான பொதுப் பரிசோதனையாக இது அனுமதிக்கப்படவில்லை.

சுவீடனில் 1,213 பேரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு, ரத்தப் பரிசோதனையின் பயனை வேறொரு கோணத்தில் காட்டியது. வழக்கமான முறைகளைக் கொண்டு முதல்நிலை மருத்துவர்கள் 61 சதவீதமும், டிமென்ஷியா நிபுணர்கள் 73 சதவீதமும் அல்சைமரைச் சரியாகக் கணித்தனர். ரத்தப் பரிசோதனையின் துல்லியம் சுமார் 90 சதவீதமாக இருந்தது.

எத்தனை ஆண்டுகளுக்கு முன் தெரியும்?

சீனாவில் 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களின் தண்டுவட நீரை ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. பின்னாளில் அல்சைமர் கண்டறியப்பட்டவர்களையும், நலமாகவே இருந்தவர்களையும் ஒப்பிட்டதில் ஒரு வரிசை புலப்பட்டது. நோய் கண்டறியப்படுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே அமைலாய்டு பீட்டா 42 அளவில் வேறுபாடு தொடங்கியது. 42-க்கும் 40-க்கும் இடையிலான விகிதம் 14 ஆண்டுகளுக்கு முன்பும், பி-டாவ் 181 அளவு 11 ஆண்டுகளுக்கு முன்பும் மாறின. நினைவாற்றலிலும் சிந்தனையிலும் சரிவு தெரியத் தொடங்கியது ஏறத்தாழ 6 ஆண்டுகளுக்கு முன்புதான்.

அறிகுறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நோய் மூளையில் வேரூன்றிவிடுகிறது என்பதே இதன் பொருள். ஆரம்பநிலைக் கண்டறிதல் மீது ஆய்வாளர்கள் ஆர்வம் காட்டுவதற்கும் இதுவே காரணம்.

பிற குறிப்பான்கள்

நரம்பணுக்கள் சிதையும்போது வெளியாகும் நியூரோஃபிலமெண்ட் லைட் என்ற புரதம் ரத்தத்தில் உயரும். ஆனால் இது அல்சைமருக்கு மட்டும் உரியதன்று. பக்கவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவற்றிலும் உயரும். பாதிப்பு நிகழ்கிறது என்பதைச் சொல்லும். எதனால் என்பதைச் சொல்லாது. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்களின் எதிர்வினையைக் காட்டும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதமும் அளக்கப்படுகிறது.

பார்கின்சன் நோய், லூயி உடல் டிமென்ஷியா ஆகியவற்றுக்குக் காரணமான ஆல்ஃபா-சைனுக்ளின் புரதத்தின் சிறு துகள்களை ஆய்வகத்தில் பெருக்கிக் காணும் முறை தண்டுவட நீரில் நல்ல பலன் தந்துள்ளது. சில வாரங்களிலேயே வேகமாக முற்றும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயைக் கண்டறியவும் இதே தத்துவத்தில் அமைந்த சோதனை உதவுகிறது.

ஏ.பி.ஓ.ஈ. மரபணுவின் ‘4’ வடிவம் அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆயினும் இது ஆபத்தின் அளவைக் காட்டும் குறியே தவிர, நோய் இருப்பதற்கான சான்றன்று. இந்த வடிவம் உள்ள பலருக்கு நோய் வருவதே இல்லை. இது இல்லாத பலருக்கு வருகிறது.

‘உண்டு’ என்ற முடிவு எப்போது நம்பத்தக்கது?

ஒரு சோதனை 90 சதவீதம் துல்லியமானது என்றால், அதன் முடிவு எல்லோருக்கும் 90 சதவீதம் சரியாக இருக்கும் என்று பொருளாகாது. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும்.

நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரையும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரையும் சரியாக இனங்காணும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நினைவாற்றல் சிகிச்சை மையத்துக்கு வரும் 1,000 பேரில் 600 பேருக்கு நோய் இருந்தால், 540 பேருக்குச் சரியாகவும், நோயற்ற 400 பேரில் 40 பேருக்குத் தவறாகவும் ‘உண்டு’ என்று வரும். அதாவது, ‘உண்டு’ என வந்த 580 பேரில் 93 சதவீதத்தினருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும்.

இதே சோதனையைப் பொதுமக்கள் 1,000 பேரிடம் நடத்தி, அவர்களில் 100 பேருக்கு மட்டுமே நோய் இருந்தால், 90 பேருக்குச் சரியாகவும், எஞ்சிய 900 பேரில் 90 பேருக்குத் தவறாகவும் ‘உண்டு’ என்று வரும். அப்போது அறிக்கையைக் கையில் பெறுபவர்களில் சரிபாதிப் பேர் இல்லாத நோய்க்காக அஞ்சி வாழ நேரிடும். அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டுமே சோதனை என்று நிபுணர்கள் வலியுறுத்துவதன் அடிப்படை இந்தக் கணக்கில் இருக்கிறது.

அமைலாய்டு உண்மையாகவே இருந்தாலும், அதுவே டிமென்ஷியா ஆகிவிடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான பகுப்பாய்வின்படி, நினைவாற்றல் இயல்பாக உள்ளவர்களிடையிலும் 50 வயதில் 10 சதவீதத்தினருக்கும், 90 வயதில் 44 சதவீதத்தினருக்கும் மூளையில் அமைலாய்டு காணப்பட்டது. அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் அறிகுறியின்றியே இருக்கக்கூடும்.

இதுகுறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. உயிர்க்குறிப்பான் உறுதியானாலே அல்சைமர் நோய் எனக் கொள்ளலாம் என்று அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் அமைத்த குழு 2024-இல் வரையறுத்தது. அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே நோய் எனலாம்; இல்லையெனில் ஆபத்து நிலை என்றே குறிப்பிட வேண்டும் என்று சர்வதேச பணிக்குழு அதே ஆண்டில் தெரிவித்தது. எனினும், அறிகுறி இல்லாதவர்களுக்கு இப்போதைக்கு வழக்கமான சிகிச்சை நடைமுறையில் இச்சோதனை தேவையில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

இந்தியர்களுக்குப் பொருந்துமா?

இச்சோதனைகளின் வரம்பு அளவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம் எடுக்கப்பட்ட தரவுகளிலிருந்து வகுக்கப்பட்டவை. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களின் ரத்தத்தில், மூளையில் மாற்றமில்லாதபோதும் பி-டாவ் அளவு உயர்ந்து காணப்படலாம். உடற்பருமன் மிகுந்தவர்களிடம் அளவு குறைவாகத் தெரியலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் முக்கியக் காரணி என்பதால், இங்கு அறிக்கையைப் படிக்கும் மருத்துவர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது.

இந்தியத் தரவுகளை உருவாக்கும் பணியும் நடந்து வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் செயல்படும் மூளை ஆராய்ச்சி மையம், கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரை நீண்டகாலம் கண்காணிக்கும் இலக்குடன் ஆய்வு நடத்தி வருகிறது. ரத்தப் பரிசோதனை, மரபணு ஆய்வு, மூளை ஸ்கேன், நினைவாற்றல் தேர்வு ஆகியவை இதில் அடங்கும்.

நினைவாற்றல் தேர்வுகளிலும் மொழியும் கல்வியும் பெரும் வேறுபாட்டை ஏற்படுத்துகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் படம் வரையச் சொல்லியும் கணக்குக் கேட்டும் நோயை முடிவு செய்ய இயலாது. இதைக் கருத்தில் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ‘முத்ரா’ என்ற பன்மொழித் தேர்வுத் தொகுப்பை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் உருவாக்கியது. ஆய்வகச் சோதனை வந்துவிட்டதால் இத்தகைய தேர்வுகளின் தேவை நீங்கிவிடவில்லை. ரத்தம் புரதத்தின் அளவைச் சொல்லும். அந்த மனிதரால் மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்ள முடிகிறதா என்பதை நேரில் பார்த்தே அறிய முடியும்.

முன்கூட்டியே அறிவதால் என்ன பயன்?

மூளையிலிருந்து அமைலாய்டை அகற்றும் லெக்கானிமேப் மருந்துக்கு 2023-இலும், டொனானிமேப் மருந்துக்கு 2024-இலும் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. இவை ஆரம்பநிலை நோயாளிகளுக்கு மட்டுமே உரியவை. சிகிச்சைக்கு முன் உயிர்க்குறிப்பான் சோதனை கட்டாயம். லெக்கானிமேப் 18 மாதங்களில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நோயை இவை குணப்படுத்துவதில்லை. மூளையில் வீக்கமும் நுண்ணிய ரத்தக்கசிவும் ஏற்படும் ஆபத்து இருப்பதால், தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

மருந்துக்கு அப்பாலும் பயன் உண்டு. தெளிவாகச் சிந்திக்கும் நிலையிலேயே ஒருவர் தமது சொத்து, சிகிச்சை, பராமரிப்பு குறித்த விருப்பங்களைக் குடும்பத்தாரிடம் தெரிவிக்க முடியும். வங்கி மோசடி, வாகன விபத்து, வீட்டைவிட்டு வெளியேறித் தொலைந்துபோதல் ஆகியவற்றைத் தடுக்க ஏற்பாடு செய்யலாம். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று முதியவர் மீது எழும் கோபம், காரணம் தெரிந்த பின் தணியவும் கூடும்.

ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், கேட்கும் திறன் குறைவு, பார்வைக் குறைபாடு, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று ‘லான்செட்’ ஆணையம் 2024-இல் தெரிவித்தது. இதற்கு எந்தச் சிறப்புச் சோதனையும் தேவையில்லை.

எப்போது மருத்துவரை அணுகுவது?

சாவியை வைத்த இடம் மறந்து, சற்று நேரத்தில் நினைவுக்கு வருவது முதுமையில் இயல்பு. அண்மையில் நடந்தவற்றை முற்றிலும் மறத்தல், பழகிய இடத்தில் வழி தவறுதல், பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுதல், சொற்கள் கிடைக்காமல் திணறுதல், குணத்தில் மாற்றம் ஆகியவை ஆறு மாதங்களாகத் தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும். முதியவரை நன்கு அறிந்த ஒருவர் உடன் செல்வது நல்லது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலும் கையில் இருக்கட்டும். திடீரென ஓரிரு நாட்களில் குழப்பம் ஏற்பட்டால் அது தொற்று, பக்கவாதம் போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உயிர்க்குறிப்பான் சோதனையை மருத்துவரின் பரிந்துரையின்றித் தாமாகவே செய்துகொள்வதைத் தவிர்க்க வேண்டும். முடிவு எதுவாயினும் அடுத்து என்ன செய்வது என்பதை, ரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவருடன் பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.